பிராக்டிகல் அக்கா

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. அவர் ஒருவருக்கு மட்டும் முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். முதல் நாள் அவர் உள்ளே வந்தபோது டீச்சர் என்று நினைத்து நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“உக்காருங்க, உக்காருங்க. நானும் உங்களாட்டப் படிக்க வந்தவதான்” என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. இவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று முதல் நாளே எங்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில் இறங்கி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் தொழிற்கல்லூரி வரும். இரண்டு வருடக் கோழி வளர்ப்புப் படிப்பு. காலையில் வகுப்பறையில் பாடம், மத்தியானம் கொட்டகையில் வேலை. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரி. அப்பா அங்கே ஒரு மொத்த மளிகைக் கடையில் மூட்டை இறக்குகிறவர். நர்சிங் கிடைக்கும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருந்து, மார்க் போதாமல் இங்கே வந்து சேர்ந்தவள். உயிருள்ள கோழியை அதுவரை நான் கையால் தொட்டதுகூட இல்லை. அதைக் கேள்விப்பட்ட நிமிடத்தோடு என் பெயர் போய்விட்டது. இரண்டு வருடமும் அவர் என்னை “ஏ டவுனு” என்றுதான் கூப்பிட்டார்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பிராக்டிகல் அக்கா. பாடம் நடத்துகிற சார் நல்லவர், விஷயம் தெரிந்தவர். ஆனால் கோழித் தூசி அவருக்கு ஆகாது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். அப்புறம் கொட்டகை முழுக்க அக்காவின் ராஜ்ஜியம். எழுத்துப் பரீட்சையில் அக்கா இரண்டு பேப்பர் கோட்டைவிட்டார், அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. அவர் வந்தது படிக்க அல்ல. கணவர் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போன இடத்தில் குழாய் முதுகில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டில் கிடந்தார். வீட்டை ஒட்டி ஒரு கோழி ஷெட்டு இருந்தது. இரண்டாவது ஷெட்டு போட வேண்டுமானால் படித்த சர்ட்டிபிகேட் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காக வந்தார்.

முதல் வாரமே அவர் யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கழிச்சல் வந்து தேறாது என்று தெரிந்த ஒரு கோழியை எப்படி வலியில்லாமல் முடிப்பது என்று சார் செய்துகாட்டினார். ஒரு கையில் காலைப் பிடித்து, இன்னொரு கையில் தலையைப் பிடித்து, கீழே ஓர் இழுப்பு. சொன்னதெல்லாம் சரி. ஆனால் இழுக்கும்போது சாருக்குக் கை பாதியில் நின்றுவிட்டது. கோழி இறக்கையை அடித்துக்கொண்டு கீழே விழுந்து, கழுத்து ஒரு பக்கம் மடிந்து சுற்றிச் சுற்றி வந்தது. நாங்கள் பின்னால் நகர்ந்தோம். அக்கா முன்னால் வந்தார். குனிந்தார், எடுத்தார், முடிந்துவிட்டது. கோழி நனைந்த துணி மாதிரித் தொங்கியது.

“தயங்குனா அதுக்குத்தானுங்க சார் வலி” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. தண்ணி வேணுமா என்று கேட்கிற குரல்தான்.

எனக்கு அன்றைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதைச் சொல்லியாக வேண்டும். பயமும் இருந்தது, ஆனால் பிடித்திருந்தது. பஸ்ஸில் ஒருமுறை, நடுவயசுக்காரர் ஒருவர் என் சிநேகிதி கோகிலாவை உரசிக்கொண்டே வந்தார். அக்கா எழுந்துபோய் அந்த ஆளின் செருப்புக் காலின் மேல் தன் காலை வைத்து ஏறி நின்றுகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆள் நெளிந்தார், முனகினார், “ஏனுங்க, கால எடுங்க” என்று கெஞ்சினார். ராசிபுரம் வரைக்கும் எடுக்கவில்லை. இறங்கும்போது அந்த ஆள் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்துக் கோகிலா சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்கு அக்கா என்றால் உயிர்.

மூக்கு வெட்டுகிற நாள் வந்தது. பத்து நாள் குஞ்சுகளுக்கு அலகின் நுனியைச் சுட்டு எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு ஒன்றையொன்று கொத்திக் கிழித்துவிடும். மேசைமேல் ஒரு சின்ன மெஷின், அதில் செக்கச்செவேலென்று பழுத்த தகடு. குஞ்சின் தலைக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து, ஆள்காட்டி விரலால் தொண்டையை மெல்ல அழுத்த வேண்டும். அழுத்தினால் நாக்கு உள்ளே போய்விடும். அழுத்தாவிட்டால் அலகோடு நாக்கும் வெந்துவிடும். நான் இதை நோட்டில் படம் போட்டு எழுதி வைத்திருந்தேன். மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் குஞ்சின் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. தகட்டிலிருந்து முடி கருகிய மாதிரி வாடை. நான் கண்ணை மூடிக்கொண்டு காலால் பெடலை அழுத்தினேன்.

குஞ்சு வித்தியாசமாகக் கத்தியது. அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி, வாயைப் பிளந்து பார்த்தார்.

“கண்ண மூடிட்டா வெட்டுன?”

நான் தலையை ஆட்டினேன்.

“நாக்கு போச்சு. இனி இது தீவனம் எடுக்காது. காஞ்சு சாவும்.” அந்தக் குஞ்சை அங்கேயே முடித்து வாளியில் போட்டார். பிறகு என் வலது கையைப் பிடித்தார். எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் என் ஆள்காட்டி விரலின் நுனியைத் தகட்டில் வைத்து எடுத்துவிட்டார். கண் இமைக்கிற நேரம்தான். நான் கத்தியதில் கொட்டகையின் கோழியெல்லாம் ஒரே நேரத்தில் கொக்கரித்தன.

“எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டியல்ல? இப்ப உக்காரு. மிச்சத்த வெட்டு.”

இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தத் தட்டிலிருந்த குஞ்சுகள் முழுவதையும் நான்தான் வெட்டினேன். அப்புறம் ஒரு குஞ்சுக்கும் நாக்கு போகவில்லை. சாயங்காலம் சாரிடம் கொப்புளத்தைக் காட்டினேன். அவர் என் விரலையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அந்தம்மா கொஞ்சம் அப்படித்தான். நீ பாத்து இருந்துக்கம்மா” என்றார். மறுநாள் அக்கா வீட்டிலிருந்து கத்தாழை மடல் ஒன்றைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். “காட்டு” என்று சொல்லி, சோற்றை வழித்து விரலில் பூசி, ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக் கட்டினார். தப்பு என்றோ, பாவம் என்றோ ஒரு சொல் இல்லை. “இனிமே மூடமாட்ட” என்றார். அவ்வளவுதான்.

அவர் அப்படித்தான். எதையும் பாதியில் விடமாட்டார், எதையும் மெதுவாகச் செய்யமாட்டார், எதையும் பூசி மெழுகிச் சொல்லமாட்டார். கோழியிடம் எப்படியோ அப்படித்தான் மனிதர்களிடமும். கோழியிடம் அது கருணை மாதிரித் தெரிந்தது. மனிதர்களிடம் அது என்ன என்று கோகிலா விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது.

கோகிலா திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். வீட்டில் விசைத்தறி. பன்னிரண்டாவது முடித்ததுமே, மனைவியை இழந்த ஒரு தறி முதலாளிக்கு அவளைக் கட்டிவைக்கப் பேச்சு நடந்தது. சாப்பிடாமல் கிடந்து, அழுது, இரண்டு வருடம் மட்டும் படித்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். “படிப்பு முடியறதுக்குள்ள ஒரு பண்ணையில வேல வாங்கிட்டேன்னா எங்கப்பன் ஒண்ணும் பண்ண முடியாது புள்ள” என்று பஸ்ஸில் தினமும் என்னிடம் சொல்வாள்.

ஆனால் அவளுக்குக் கோழி ஒன்று சாவதைப் பார்க்க முடியாது. தீவன அறைக்குப் பின்னால் பழைய கூண்டு ஒன்றில், கால் திரும்பிப்போன ஒரு வெடைக்கோழியை யாருக்கும் தெரியாமல் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பாப்பா என்று பேர். கையில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைப்பாள். அது நிற்க முடியாமல் நெஞ்சாலேயே தேய்த்துத் தேய்த்து, நெஞ்சில் புண் வந்து ஈ மொய்த்தது. கோகிலா அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் அக்கா அதைக் கண்டுபிடித்தார். கூண்டோடு தூக்கிவந்து எல்லோர் நடுவிலும் வைத்தார்.

“ஆரோட வேல இது?”

“நாந்தானுங்க்கா” என்றாள் கோகிலா. “தீவனமெல்லாம் நல்லா எடுக்குதுங்க்கா. கால் மட்டுந்தான்…”

“நெஞ்சத் திருப்பிப் பாத்தியா? புழு வெச்சிருக்குது. எத்தன நாளா இத இப்படி வதைக்கற?”

அக்கா கோழியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“நீ வெச்ச சொத்து. நீயே முடி.”

“முடியாதுங்க்கா.”

“முடியும். புடி. காலு இந்தக் கை, தல இந்தக் கை.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கோகிலா இழுத்தாள். பாதி இழுத்து விட்டுவிட்டாள். கோழி மண்ணில் விழுந்து, கழுத்து கோணி, இறக்கையை அடித்தது. முதல் வாரம் சாரிடம் நடந்தது அப்படியே நடந்தது. இப்போது அக்கா குனிந்து எடுத்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எடு. மறுக்கா இழு.”

கோகிலா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கோழி அவள் பாவாடை ஓரத்தில் வந்து அடித்துக்கொண்டது. அக்கா நகரவே இல்லை. சாருக்கு ஒரு நியாயம் சொன்ன அதே வாய், அந்தக் கோழி துடிக்கத் துடிக்க, “எந்திரி. எடு. எந்திரி” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவருக்கு அப்போது கோழி கண்ணில் படவில்லை. பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான்தான் எடுத்தேன். என் கை எப்படி வந்தது என்று தெரியாது. ஓர் இழுப்பு. அடங்கிவிட்டது.

“டவுனு கத்துக்கிட்டா” என்றார் அக்கா. இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். பிறகு கோகிலாவிடம் திரும்பினார். “உனக்கு இது வராது அம்மிணி. வருசத்த வீணாக்காத. ஊட்டுக்குப் போயிரு.”

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மாதம் ஒரு சனிக்கிழமை கோகிலாவின் அப்பா கல்லூரிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் பை. சார் இல்லை. கொட்டகை வாசலில் நின்றிருந்த அக்காவைப் பார்த்து டீச்சர் என்றே நினைத்துக்கொண்டு கும்பிட்டார்.

“எம்பட புள்ள எப்படிங்க படிக்குது?”

கோகிலா தீவன வாளியோடு அக்காவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அக்கா திரும்பிப் பார்த்தார். அவளையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

“புத்தகமெல்லாம் படிக்குதுங்க. ஆனா கை நடுங்குது. பண்ணை வேலைக்கு ஆவாது. கூட்டிட்டுப் போயிருங்க” என்றார்.

அந்த மனுஷர் இத்தனை நாள் எந்த வார்த்தைக்குக் காத்திருந்தாரோ அது தட்டில் வைத்து அவர் கைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை கோகிலா வரவில்லை. அவள் சீருடைக் கோட்டு ஆணியிலேயே தொங்கியது.

நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். “அவளுக்குக் கல்யாணம் பேசி வெச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“அவரு கேட்டாரு. நான் சொன்னேன். பொய்யச் சொல்லியிருக்கோணுமா?”

“சும்மா இருந்திருக்கலாமே.”

“சும்மா இருக்கறதும் பொய்யிதான்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிடப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு வகுப்பே போயிருந்தது. அக்காவும் வந்தார். பட்டுச்சேலை கட்டி, அன்றைக்கு மட்டும் அந்த ஆண் சட்டை இல்லாமல். மேடைக்குப் போய்க் கோகிலாவின் தலையில் கை வைத்து, எனக்குக் கேட்கும்படியாகவே, “வெரசலா ரண்டு புள்ளையப் பெத்துக்க சாமி. எல்லாம் பழகிரும்” என்றார். கோகிலா நிமிரவில்லை. அக்கா பந்தியில் உட்கார்ந்து வாழை இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

இதற்குப் பிறகும் அவர் வீட்டுக்கு நான் ஏன் போனேன் என்று கேட்டால், அவர் கூப்பிட்டார், போனேன். அவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. புதிதாக வந்த குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன்.

வீட்டு முன்னால் தகரக் கூரைக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். ரோட்டைப் பார்க்கிற மாதிரி கட்டிலைப் போட்டிருந்தார்கள். மேல் உடம்பு இன்னும் ரிக் வேலை பார்த்தவருடையது, அகலமான தோள்கள். இடுப்புக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. அக்கா அவரை வைத்திருந்த சுத்தத்தை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. சவரம் செய்து, பவுடர் போட்டு, துவைத்த பனியன். ஒரு புண் வாடை இல்லை. பக்கத்தில் அவருடைய அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“வா சாமி, சேலத்துப் புள்ளையா?” என்று கட்டிலில் இருந்தவர் சிரித்தார். ரொம்ப நல்ல சிரிப்பு. “தை பொறந்தா நான் எந்திரிச்சிருவேன் சாமி. அண்ணன் சொல்லுது, ஊருக்குள்ள அத்தன பேரும் சொல்றாங்க. காலுல எறும்பு ஊர்றாப்பல இருக்குது இப்பெல்லாம். நீ படிக்கற புள்ள, நீ சொல்லு. நடந்துருவேனல்ல?”

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? “நடந்துருவீங்கண்ணா” என்றேன்.

அக்கா திண்டின்மேல் மருந்துப் பாட்டிலை ஐஸில் வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

“நடக்க மாட்டீங்க.”

அண்ணன் வாயிலிருந்து பீடியை எடுத்தார். கணவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். காதில் விழுந்தது முகத்துக்கு வர நேரமாயிற்று.

“டாக்டரு போன வருசமே சொல்லிட்டாரு. நடு முதுகுல நரம்பு அறுந்துபோச்சு. அது ஒட்டாது. எறும்பும் ஊரல, ஒண்ணும் ஊரல. இவங்க எல்லாரும் பொய் சொல்றாங்க. நானும் ஒரு வருசமா வாய மூடிட்டு இருந்துபோட்டேன். இந்தப் புள்ளையும் வந்து பொய் சொல்லுது. இதுக்கு மேல கேக்க முடியாது.”

“ஏம்புள்ள, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லயா?” என்று அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “உசுரு அந்த ஒரு நெனப்புலதான் நிக்குது, அதயும் புடுங்கிப்போட்டியே!”

அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கணவரின் தலையைத் தூக்கி வாயருகே வைத்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் அக்காவையே பார்த்தது. தண்ணீர் உதட்டில் பட்டு மோவாயில் வழிந்தது. அக்கா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, தலையணையைச் சரிசெய்து, “வா டவுனு, குஞ்சு காத்துக் கெடக்குது” என்றார்.

ஷெட்டுக்குள் எனக்குக் கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. மருந்து குஞ்சின் கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்தது. “கண்ணத் தொடச்சுட்டு உடு. மருந்து வீணாப் போவுது” என்றார். அவர் கையில் ஒரு சொட்டுகூடத் தப்பவில்லை.

அதன் பிறகு அவர் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அக்கா எப்போதும் போலக் கல்லூரிக்கு வந்தார். எப்போதும் போல வேலை செய்தார். ஒரு மாதத்துக்குள் சாவுச் செய்தி வந்தது. மார்கழிக் குளிர். சார் எங்களை வேனில் கூட்டிக்கொண்டு போனார்.

பந்தலில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகைக்கு நடுவே பேச்சும் நடந்தது. “வாயாலயே கொன்னுபோட்டா.” “தையில எந்திரிச்சிருப்பான்.” “கோழி அறுக்கறவளுக்குப் புருசன் என்ன, கோழி என்ன.” யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. அக்கா கணவரின் தலைமாட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கரண்ட் போயிற்று. அக்கா நிமிர்ந்து ஷெட்டுப் பக்கம் பார்த்தார். இரண்டு நாளுக்கு முன்னால்தான் புதுக் குஞ்சு இறங்கியிருந்தது. சூட்டுக்குப் போட்ட பல்பு அணைந்தால் குளிரில் குவியல் குவியலாகச் சேர்ந்து நசுங்கிச் செத்துவிடும். எழுந்தார்.

“பொணத்த உட்டுப்போட்டு எங்கடி போற?” என்று அண்ணன் கத்தினார். அக்கா பந்தலைத் தாண்டி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

ஷெட்டில் கரி அடுப்பைப் பற்றவைத்தார். நாங்கள் இருவரும் உமிமேல் முழங்கால் போட்டு, குவிந்து கிடந்த குஞ்சுகளைக் கையால் கலைத்துக் கலைத்து விட்டோம். பிறகு குஞ்சுகளைக் கலைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

“அன்னிக்கு நீ போனதுக்குப் பொறவு கூப்புட்டாரு. நெசந்தானான்னு கேட்டாரு. நெசந்தான்னேன். சரின்னாரு. ரண்டு நாளு ஒண்ணும் பேசல. பொறவு ஒருநா மத்தியானம், ஆரும் இல்லாதப்பக் கூப்புட்டு, ‘கோழிக்கெல்லாம் பண்ணி உடறியே புள்ள, எனக்கும் அதாட்டப் பண்ணி உட்டுரு’ன்னாரு.”

என் கை நின்றுவிட்டது. அவர் கை நிற்கவில்லை.

“சும்மா சொல்லலே அவரு. நல்லா யோசிச்சுத்தான் கேட்டாரு. எனக்கும் அது நாயமாத்தான் பட்டுச்சு. கை வெச்சேன்.”

வெளியே யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். அழுகை ஒருமுறை உயர்ந்து இறங்கியது.

“கை வரலே” என்றார். “காத்தால நாந்தான் சவரம் பண்ணி உட்டிருந்தேன். கழுத்து மெதுமெதுன்னு இருந்துச்சு. கண்ணத் தொறந்து என்னையே பாத்துட்டிருந்தாரு. கண்ண மூடிக்கங்க மாமான்னேன். மூடல. கைய எடுத்துட்டேன். அதுக்கு மேல அவரு கேக்கல. பல்லக் கடிச்சுக்கிட்டாரு. கஞ்சி எறங்கல, பாலு எறங்கல. தண்ணி மட்டும் எப்பவாச்சும் ரண்டு வாய் எறங்குச்சு, அவ்வளவுதான். அத்தன நாளும் என்னையப் பாத்துக்கிட்டேதான் கெடந்தாரு.”

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்து, “அந்த மூலையில ஒண்ணு நசுங்கிக் கெடக்குது பாரு. எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். மூச்சு மட்டும் இருந்தது. வாங்கினார். குனிந்துகூடப் பார்க்கவில்லை, விரல்கள் தாமாகவே செய்து முடித்துவிட்டன. செத்த குஞ்சை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார்.

“இதுக்கு மட்டும் வருது பாரு.”

காரியம் முடிந்த மறுநாள் அவர் கல்லூரிக்கு வந்துவிட்டார். கொட்டகையில் ஒரு பையன் கோழியின் சிறகைப் பிடித்துத் தூக்கியதற்கு அவன் காதைப் பிடித்து அதே மாதிரி தூக்கினார். பிராக்டிகல் பரீட்சையில் முதலாவதாக வந்தார். விட்ட இரண்டு பேப்பரையும் மறுபடி எழுதித் தேறி, சர்ட்டிபிகேட் வாங்கி, இரண்டாவது ஷெட்டும் போட்டார். நான் இப்போது நாமக்கல்லில் ஒரு குஞ்சுப் பண்ணையில் தடுப்பூசிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குச் சேரும்போது எங்கே கை பழகியது என்று கேட்டார்கள். அக்காவின் பெயரைத்தான் சொன்னேன்.

கோகிலா எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். இரண்டு குழந்தைகள். தறிக்கூடத்திலேயே வீடு. அக்கா ஷெட்டில் சொன்னதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வருடங்கள் ஆகிவிட்டன, அவள் அக்காவைப் பற்றி ஒரு மனத்தாங்கலோடு இருந்துவிடக்கூடாதே என்று நினைத்து, ஒரு ஞாயிறு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்கும் ஒரு நாள் கை வராமல் போனது என்று தெரிந்தால் அவளுக்கு மனம் இளகும் என்று எண்ணினேன்.

குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “அவுங்க ஊட்டுக்காரரு எத்தன நாளு அப்படிக் கெடந்தாரு?” என்றாள்.

“ஒரு மாசம் பக்கம் இருக்கும்.”

“அத்தன நாளும் அவுங்கதான் கிட்ட இருந்து பாத்தாங்களா?”

“அவங்கதான். வேற யார் இருக்கா?”

போனில் அவளுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“அவளுக்கு நல்லா வேணும்” என்றாள் கோகிலா.

தறிச் சத்தத்தில் நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று, “என்ன சொன்ன?” என்றேன். அவள் போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, இந்த முறை அதையே நிறுத்தி, சத்தமாகச் சொன்னாள்.